முசலிக்குப் போகாத கார்

எங்கள் வாப்பாவிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. பாலாவிச் சந்தியில் நிறுத்தி வைத்து ஹயர் ஓடுவார். புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும், சில நாட்களில் முன்னேஸ்வரம் கோயில் வரைக்கும் ஆட்களை ஏற்றிப் போய்வந்த அந்தக் கார், எங்கள் உம்மாவை மட்டும் முசலிக்குக் கொண்டுபோக மறுத்தது.

முசலி மன்னார்ப் பக்கம், உம்மா பிறந்த இடம். தொண்ணூறில் புலிகள் வெளியேறச் சொல்லி முஸ்லிம்கள் எல்லாரும் உடுத்த உடுப்போடு வெளியேறி வந்தபோது அவருக்குக் கலியாணமாகி இரண்டு மாதம். நான் பிறந்தது ஒன்பது வருஷம் கழித்து, இங்கே புத்தளத்து முகாமில். சண்டை முடிந்து பாதை திறந்தது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து உம்மாவுக்கு ஒரே கதைதான்: வீட்டை ஒருக்காப் பார்க்க வேண்டும். அவருடைய வாப்பா கட்டிக் கொடுத்த கல்வீடு அது. கூரை போயிருந்தாலும் சுவர் நிற்கும் என்பார்.

முதல் சனிக்கிழமை உம்மா இடியப்பமும் சம்பலும் கட்டினார். வீட்டைக் கூட்டுவதற்கென்று புதுத் தும்புத்தடி ஒன்றும் வாங்கி ஏற்றினார். உப்பளத்துப் பக்கம் போவதற்குள் கார் நடுங்கத் தொடங்கியது. வாப்பா காலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், எஞ்சின் நின்றுவிடும். மூன்றாம் தரம் நின்றபோது அவர் இறங்கி பொனட்டைத் திறந்து நெடுநேரம் பார்த்தார்.

“தூரப் பயணத்துக்கு இது சரிவராது புள்ள,” என்றார் உம்மாவிடம்.

திங்கட்கிழமை அதே கார் ஹயருக்குப் போனது. உம்மா கேட்டதற்கு, கிட்டத்துக்குப் பரவாயில்லை என்றார். அடுத்த சனிக்கிழமையும் அதே நடுக்கம், அதே திரும்பல். உம்மா சண்டை பிடிக்கவில்லை. தும்புத்தடியை இறக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தார். அதைத் தொட எங்களை விடவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை உம்மா தன் தம்பியை வரச்சொல்லியிருந்தார். மாமா கற்பிட்டியில் தோணி எஞ்சின் திருத்துகிறவர். பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தார், காபரேற்றரைப் பெற்றோல் விட்டுக் கழுவினார், பில்டர் மாற்றினார். கார் காய்ச்சல்காரனைப் போல உதறிக்கொண்டே இருந்தது. தன் காரை யாரையும் தொடவிடாத வாப்பா அன்று கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வயதில் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

நான் எஞ்சினுக்குப் பக்கத்தில் காதைக் கொடுத்தேன். காபரேற்றருக்குப் பின்னால் எங்கோ காற்று சீறியது. கையை உள்ளே விட்டுத் தடவினேன். ஒரு சின்னத் துவாரம் என் விரலைப் பிடித்து இழுத்தது. விரல் அடைத்ததும் எஞ்சினின் உதறல் நின்றது. விரலை எடுத்தேன், மறுபடியும் உதறியது.

“மாமா, இஞ்ச ஒரு ஓட்டை இருக்கு.”

மாமா குனிந்து பார்த்தார். கழன்று கிடந்த சின்ன ரப்பர் குழாய் ஒன்றை எடுத்து அதில் மாட்டினார். “வேறொண்டுமில்ல மச்சான், பிழையான வழியால காத்து இழுத்திருக்கு,” என்றார். உம்மா என் நெற்றியில் முத்தமிட்டார். வாப்பா என்னைப் பார்த்தார். “கெட்டிக்காரி,” என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுக்க எழுந்து போனார்.

உம்மா தும்புத்தடியை மறுபடியும் ஏற்றினார். எலுவன்குளம் காட்டுப் பாதையால் போனோம். போய் இறங்கிய இடமும் காடாகத்தான் இருந்தது. மாமா பள்ளிவாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார். உம்மாவுக்கே திசை பிடிபடவில்லை. வாப்பா மட்டும் முள்ளை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்து ஒரு மரத்தடியில் நின்றார். அதன் கிளையில் வெளிறிப்போன நீலக் கட்டம் போட்ட துண்டு ஒன்று கட்டியிருந்தது.

“வாப்பா, இது நீங்க வீட்டில உடுத்த பழைய சாரம்,” என்றேன். கண்டுபிடிப்பதில்தான் நான் கெட்டிக்காரியாயிற்றே.

உம்மா துண்டைப் பார்த்தார், பிறகு வாப்பாவைப் பார்த்தார். மரத்துக்கு அப்பால் சுவர் ஒன்றும் இல்லை. அத்திவாரத்துக் கல்லைக்கூட யாரோ தோண்டி எடுத்திருந்தார்கள். கிணறு இருந்த இடத்தில் ஒரு பள்ளம்.

“எப்ப வந்தீங்க?”

“பாதை திறந்த மூணாம் நாள்.”

“எனக்கேன் சொல்லல்ல?”

உம்மா கொஞ்ச நேரம் அந்தப் பள்ளத்தருகே குந்தியிருந்தார். பிறகு லுஹர் தொழுகைக்கு நேரமாகுது, போவோம் என்றார். தும்புத்தடி காரிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு உம்மா முசலி வீட்டைப் பற்றிக் கதைக்கவேயில்லை. முன்பெல்லாம் மழை வந்தால், மாம்பழம் கண்டால், யாராவது கலியாணம் சொல்ல வந்தால், அந்த வீட்டுக் கதை ஒன்று வரும். எல்லாம் அன்றோடு நின்றுபோயிற்று.

அந்தக் குழாய் தானாகக் கழன்றதல்ல என்று வளர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. சனிக்கிழமை விடியற்காலையில் வாப்பா அதைக் கழற்றுவார், ஹயருக்குப் போகுமுன் மாட்டுவார். உம்மாவின் மனதில் அந்தச் சுவர்கள் இன்னும் கொஞ்சக் காலம் நிற்கட்டும் என்று நினைத்தாரோ, சொல்வதற்குத் தைரியம் தேடிக்கொண்டிருந்தாரோ, தெரியாது. வாப்பா கண் மூடி மௌத்தாகும்வரை நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அன்று திரும்பி வரும்போது உம்மா பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் முன்னால் வாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

“பாத்தீங்களா வாப்பா, ஒருக்காக்கூட நிக்கல்ல,” என்றேன்.

“ஓம் மகள். நல்லா ஓடுது.”

சந்திக்குப் போனதும் மற்ற டிரைவர்மாரிடம் இந்தக் காரைத் திருத்தியது என் மகள்தான் என்று சொல்வார் என நினைத்தேன். வழி முழுக்க அந்தச் சந்தோஷத்தில் வந்தேன்.