வளைவில் நின்றவர்

எங்கள் சைக்கிள் சங்கத்தில் செயலாளரான நான் உட்பட எவருக்கும் சம்பளம் கிடையாது. எல்லோரும் தொண்டர்கள். பந்தய நாட்களில் பேச்சிப்பாறை இறக்கத்து வளைவில் வண்டிகளை நிறுத்த வருபவர், கருங்கல் சந்தையில் மீன் வெட்டுகிறவர். குட்டையான ஆள், தடித்த கைகளில் எப்போதும் இரண்டு செதிலாவது ஒட்டியிருக்கும். விசிலைக் கடித்துக்கொண்டேதான் பேசுவார்.

அன்று பந்தயப் பையன்கள் மேலிருந்து பாய்ந்து வந்துகொண்டிருந்தார்கள். எதிரே ஏறிய டிப்பர் லாரியை அவர் மறித்தார். ஓட்டுநர் குதித்திறங்கினான். "மாறுலே! நீ சைக்கிளு விளையாட ஒனக்க அப்பன் போட்ட ரோடா?" என்று முகத்திலேயே குத்தினான். விசில் உதட்டைக் கிழித்தது. அவர் நகராமல் ஊதினார், இரத்தம் தெறித்தது. இன்னொரு குத்து, வயிற்றில் ஒரு உதை. நான் ஓடிப்போய் ஒரு கல்லை எடுத்தேன்.

"கல்லக் கீழ போடு மக்கா. பிள்ளைக எறங்கி வருது" என்றார்.

கடைசிப் பையனும் கடந்தான். அவர் விசிலைச் சட்டையில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா, சங்கத்துக்க சாமானம். கொஞ்ச நேரத்துக்கு நான் சங்கத்து ஆளு இல்ல, கேட்டியா?"

திரும்பி ஒரே அறை. தாடை விலகிய சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவனை ஏறி மிதிக்கவும் செய்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே விசிலுக்குக் கை நீட்டினார்.

"அடுத்த பந்தயம் எப்பம்?"

அடிதடியில் இறங்கும் தொண்டரை உடனே நீக்கவேண்டும் என்பது நானே எழுதிய விதி.

"அடுத்த மாசம் அண்ணாச்சி, இதே வளைவுதான்" என்றேன். சொன்னது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.