ஸ்டார் கட்டிய வீடு

போன ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். கிடாரும் மேளமுமாக ஒரு கூட்டம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. கேரல் பாட வந்தவர்கள். எங்கள் தெருவில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீடு இரண்டோ மூன்றோதான் இருக்கும். எங்கள் வீடு அதில் சேர்த்தி இல்லை.

தப்பு அவர்கள் மேல் இல்லை. வாசலில் ஸ்டார் தொங்கினால் உள்ளே வரத்தானே செய்வார்கள்?

கட்டியது நான்தான்.

என் ஒரே மகள் செல்வியைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை வேதக்காரர். அவளே பார்த்த பையன்... நல்ல பையன். யாரும் பேசி வைக்காமலே ஓர் ஏற்பாடு ஆகிவிட்டது. தீபாவளி எங்களுக்கு, கிறிஸ்துமஸ் அவர்களுக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிவகாசிக்காரனுக்குத் தீபாவளி ஒரு பண்டிகையா? ஊருக்கெல்லாம் வெடி அனுப்பிவிட்டு அசந்து தூங்குகிற நாள் அது. என் மனைவிக்குப் பயராபீஸில் வேலை. பட்டாசு ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மகளும் மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்திருக்க, இவள் சுவரில் சாய்ந்தபடியே உறங்கிவிடுகிறாள்.

செல்வி பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் வீட்டில் சிரிப்பும் சத்தமும் டிசம்பரில்தான். பள்ளிக்கூடத்தில் அரைப் பரீட்சை லீவு. பயராபீஸில் வேலை குறைச்சல். எனக்குக் காலண்டர் கம்பெனியில் சீசன். ஆனாலும், தொங்கவிடுகிற நூலைக் கோக்கும் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவேன். மூன்று பேரும் டி.வி.யில் படம் பார்த்துக்கொண்டே கோப்போம். செல்வி ஒரு காலண்டரைப் புரட்டிவிட்டு, "யப்பா, வர்ற வருசம் என் பெறந்தநாளு ஞாயித்துக்கிழமையில வருது. ஸ்கூல்ல எப்படி மிட்டாய் குடுக்க? மாத்தி அடிக்கச் சொல்லுங்க" என்பாள்.

கேரல் வண்டி தெருவில் போனால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவாள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் ஆடியதை உள்ளே வந்து ஆடிக் காட்டுவாள். தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு!

இப்போதும் டி.வி. ஓடுகிறது. நானும் மனைவியும் பார்க்கிறோம். என்ன படம் என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது. அணைத்துவிட்டால் வீடு ரொம்பப் பெரிதாகிவிடும்... அதனால் யாரும் அணைப்பதில்லை.

இந்த மாசத் தொடக்கத்தில் போன் பண்ணினாள். "இங்கன எல்லா வீட்டுலயும் ஸ்டார் போட்டாச்சுப்பா. நீங்களும் அம்மாவும் வாங்களேன்" என்றாள். நான் "ம்" என்று சொல்லிவிட்டு, போனை மனைவியிடம் கொடுத்தேன். மறுநாள் கடையில் ஒரு ஸ்டார் வாங்கி வந்து வாசலில் கட்டினேன்.

மனைவி அண்ணாந்து பார்த்தாள். "மக கூப்புட்டா போக மாட்டீக. ஸ்டாரு மட்டும் கட்டுவீக."

சீசனில் லீவு கிடைக்காது என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மை வேறு. சம்பந்தி வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். ஒரு தடவை விருந்துக்குப் போனபோது, சாப்பிடும் முன் ஜெபம் பண்ணுவார்கள் என்று தெரியாமல் ஒரு கறித்துண்டை வாயில் போட்டுவிட்டேன். எல்லோரும் கண்ணை மூடிவிட்டார்கள். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சம்பந்திக்கோ நீளமான ஜெபம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

கேரல் கூட்டத்துக்கு வருகிறேன். உள்ளே வந்தவர்கள் சுவரில் முருகன் படத்தைப் பார்த்தார்கள். மேளக்காரப் பையன், "எக்கா, வீடு மாறி வந்துட்டோம்" என்று கிசுகிசுத்தான்.

கூட்டத்தை நடத்தி வந்த ரோஸ்மேரி அக்கா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சும்மா இருலே. பாட்ட எடு."

பாடினார்கள். அந்தச் சின்ன அறையில் அத்தனை குரல். எத்தனை நாளாயிற்று! மனைவி வீட்டிலிருந்த சாத்தூர்க் காராச்சேவைத் தட்டில் கொட்டி எல்லோருக்கும் நீட்டினாள்.

"யாருக்காகண்ணே ஜெபிக்கணும்?" என்று ரோஸ்மேரி அக்கா என்னைக் கேட்டார்.

வழக்கமாக யாராவது இப்படி நேரே கேட்டால் நான் தரையைப் பார்ப்பேன். அன்றைக்கும் தரையைத்தான் பார்த்தேன். ஆனால் வாய் பேசிவிட்டது. "மக தூத்துக்குடியில இருக்கா. உங்க வேதத்துலதான் கட்டிக் குடுத்துருக்கோம். கிறிஸ்துமஸுக்கு அவளால இங்க வர முடியாது. அவளப் பாக்கணும்."

"நீங்க போலாம்லண்ணே?"

"காலண்டர் சீசன்..."

"சீசன் இல்லக்கா, வெக்கம்" என்றாள் மனைவி.

அக்கா காராச்சேவை மென்றுகொண்டே சொன்னார்: "இதுக்கு எதுக்குண்ணே ஜெபம்? கோயில்பட்டி போனா தூத்துக்குடிக்கு பஸ்ஸா இல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனாலும் அக்கா ஜெபித்தார். "ஆண்டவரே, இந்த அண்ணனுக்குக் கொஞ்சம் தைரியம் தாரும்" என்று மட்டும். சின்ன ஜெபம்.

தைரியத்துக்கும் எனக்கும் ரொம்ப தூரம். என்றாலும் மறுநாள் முதலாளியிடம் போய் நின்றேன். "சீசன்ல லீவா?" என்றவர், என் முகத்தைப் பார்த்து, "வீட்டுல யாருக்காச்சும் மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டார். மகளைப் பார்க்கணும் என்றேன். "இதச் சொல்றதுக்கா இம்புட்டு நேரம் நின்ன?" என்று அனுப்பிவிட்டார்.

இப்படித்தான் இருக்கிறது. நாம் மதில் என்று நினைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் பாதி நேரம் வெறும் திரைச்சீலைதான் தொங்குகிறது.

அன்று சாயங்காலம் நானே செல்விக்குப் போன் போட்டேன். மனைவி பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"கிறிஸ்துமஸுக்கு வாரோம்மா" என்றேன்.

  

"பஸ் ஏறிட்டுச் சொல்லுங்கப்பா" என்றாள் மெதுவாக. "இப்பவே சொன்னீகன்னா, அன்னைக்கு வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே கெடப்பேன்."

இத்தனை நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பது நாங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.