அருவிக் கை

சாரல் சீசனில் குற்றாலத்தில் வழுக்கி விழுந்தவர்கள் ஈரத் துண்டோடு தென்காசியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் புரோபை விரலில் மாட்டினால், குளிரில் விறைத்த கை என்பதால் பொய்யாக 87, 88 என்று காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கினால் 98 ஆகிவிடும். நர்ஸுகள் நாங்கள் இதற்கு வைத்த பெயர் 'அருவிக் கை'.

அந்த வருடம் கட்டிலுக்கு ஒரு மானிட்டர் வந்தது. அதே மாதம் வார்டு நர்ஸ் ஒருத்தி வேலையை விட்டாள். வேறு ஆள் கேட்டேன்.

"மெஷினு பாத்துக்கிடும் சிஸ்டர். பொறவு எதுக்கு இன்னொரு ஆளு?" என்றார் ஆஸ்பத்திரியை நடத்தும் எம்.டி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிறு காலை பதினாறு கட்டிலுக்கு நான் ஒருத்தி. வடகரைத் தென்னை விவசாயி ஒருவர் அருவிப் பாறையில் விழுந்து விலா அடிபட்டு வந்திருந்தார். டாக்டர் எக்ஸ்ரே எழுதிவிட்டு கேஷுவால்ட்டிக்குப் போய்விட்டார். மானிட்டர் 87 காட்டிக் கத்தியது. 'அருவிக் கைதான்' என்று போர்வையை இழுத்துவிட்டு, அலாரத்தை அமுக்கிவிட்டு, அடுத்த கட்டிலுக்கு ஓடினேன். மூன்று முறை கத்தியது. மூன்று முறையும் அமுக்கினேன்.

அவர் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "சிஸ்டர், நானும் இவுக கூடத்தான் குளிச்சேன். என் கையும் சில்லுனுதான் இருக்கு. எனக்கு மாட்டிப் பாருங்க."

எரிச்சலோடு மாட்டினேன். 98.

அப்போதுதான் அந்த விவசாயியின் முகத்தைப் பார்த்தேன். உதடு நீலம். ஒரு பக்க நெஞ்சுதான் ஏறி இறங்கியது. டாக்டரை இழுத்து வந்தேன். முறிந்த விலா நுரையீரலில் குத்தி, சுற்றிலும் காற்று சேர்ந்திருந்தது. நெஞ்சில் டியூப் போட்டுக் காற்றை வெளியேற்றியதும் மூச்சு சீரானது. பிழைத்துக்கொண்டார்.

நடந்ததை மறைக்காமல் எழுதி எம்.டி.யிடம் கொடுத்தேன்.

"ஒங்க தப்ப நீங்களே எழுதுதீங்களே?"

"எழுதாட்டா அடுத்து வாறவளும் அமுக்குவா சார். ஒத்த ஆளுன்னா அமுக்கத்தான் தோணும்."

மறுவாரம் இரண்டு நர்ஸுகள் வந்தார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொன்னது இதுதான்: நம்பர் குறைந்தால் முகத்தைப் பார், புரோபின்மேல் சந்தேகம் என்றால் உன் விரலில் மாட்டிப் பார்.

டிஸ்சார்ஜ் அன்று அந்த அம்மா கருத்துப் படிவத்தில் 'நர்ஸ் கவனிப்பு' என்ற இடத்தில் 'மிக நன்று' என்பதற்கு டிக் போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "மூணு தடவை மெஷின் சொல்லிச்சும்மா. நாந்தான் கேக்கல."

"தெரியும். நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்," என்றார். "ஒத்தையில ஓடுனதையுந்தான் பாத்தேன்."

டிக்கை அவர் மாற்றவில்லை. அதை நான் இன்றுவரை பாராட்டாக எடுத்துக்கொண்டதும் இல்லை.