காதில் பஞ்சு, தலையில் உறை: விருத்தாசலத்தில் ஒரு சோதனை

நிலவில் மனிதர் நடந்த செய்தியை ரேடியோவில் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். விண்வெளி உடைக்குள் இருப்பவருக்குச் சுற்றியுள்ள சத்தம் எட்டாவிட்டால் கைவேலை கெடுமா? எழுபதுகளின் தொடக்கம் அது. பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன். கோடை விடுமுறையில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து காலை பஸ்ஸில் கிளம்பினேன். விருத்தாசலம் பக்கம்தான், ஆனால் நின்று நின்று போய்ச் சேர ஒரு மணி நேரமானது.

கல்லூரித் தோழி மும்தாஜின் கணவர் காதர் அங்கே பீங்கான் பட்டறை வைத்திருந்தார். பளபளப்புக் கலவை தெளிப்பவர்கள், முன்பக்கம் கண்ணாடி வைத்த தலையுறையை மாட்டிக்கொள்வார்கள். ஒரு மோட்டார் குழாய் வழியாக அதற்குள் காற்றை அனுப்பும். அந்த உறையை இரவல் கேட்டுத்தான் போயிருந்தேன். காதர் தயங்கினார், மும்தாஜ் சம்மதிக்க வைத்தாள்.

காதில் பஞ்சு அடைத்து, உறையை மாட்டி, பலகையில் நட்டுகளை முடுக்கத் தொடங்கினேன். என் மூச்சு மட்டுமே கேட்டது. ஸ்பேனர் இறுகும் சத்தம் இல்லாததால் எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. ஒரு போல்ட்டின் மரை தேய்ந்துபோனது. ஒரு நட்டு விழுந்ததே தெரியவில்லை, வெறுங்கையைப் பார்த்த பிறகுதான் தேடினேன். நெஞ்சு படபடத்தது. கண்ணாடியில் ஆவி படர்ந்தது. பயத்தில் மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டு முடுக்கிக்கொண்டே இருந்தேன்.

யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். உறை கழன்றது. மும்தாஜ் முகம் வெளுத்து நின்றாள்.

பஞ்சை எடுத்ததும் காதர் சொன்னார்: “கரண்டு போயிட்டுது டீச்சர். மோட்டாரு நின்னுபோச்சு. ரெண்டு பேரும் கூப்புட்டுகினே இருந்தோம்.”

கரண்டு வந்ததும் இன்னொரு முறை செய்யவேண்டும் என்றேன். மும்தாஜ் பிடிவாதமாக நின்றாள். “பஞ்சு வெக்காம பண்றதுன்னா பண்ணு. இல்லன்னா வூட்டுக்கு வா, சோறு ஆறுது.”

பஞ்சில்லாமல் செய்தேன். மோட்டாரின் இரைச்சலுக்கு நடுவிலும் ஸ்பேனர் இறுகும் சத்தம் கேட்டது. நட்டு விழுந்த உடனே குனிந்து எடுத்தேன். எல்லாம் சரியாக இறுகின.

என் சந்தேகத்துக்கு எனக்குப் போதுமான விடை கிடைத்தது. ஆனால் காற்று நின்றதைக்கூட அறியாமல் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறேன். அன்று திரும்பும் பஸ்ஸில், இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று இன்ஜினை ஒட்டிய சீட்டைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன்.

இப்படி எதையாவது செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு: தனியாகச் செய்யாதீர்கள். கூப்பிட்டால் கேட்கும் என்று நம்பாதீர்கள். உங்களைத் தொட்டு இழுக்கக்கூடிய ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும். எனக்கு மும்தாஜ் நின்றாள்.