சீனாவுக்குப் போய் வந்த மீன்

நோர்வேயின் வடக்கே, ஹம்மர்பெஸ்ட்டுக்குப் பக்கத்து ஊரில் இருந்த மீன் பக்டரியில் என் கணவர் பல வருடம் மீன் வெட்டினார். ஒருநாள் சீனாவிலிருந்து கோட்டுப் போட்ட சிலர் பக்டரியைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புகிற பழக்கம் எங்களுக்கு இல்லையே. யாரும் கேட்காமலே நான் மீன் கட்லட் பொரித்துக் கொடுத்துவிட்டேன். இவரோ புது மாப்பிள்ளை போலத் தலை வாரிக்கொண்டு போய், முள்ளை முறியாமல் உருவுவது எப்படி என்று அவர்களுக்குச் செய்து காட்டினார். வீடியோ எடுத்தார்கள். கை தட்டினார்கள். கட்லட்டிலும் ஒன்றுகூட மிச்சமில்லை. கொஞ்சக் காலத்தில் மீன் முழுசாக உறைந்தபடி வெட்டுவதற்குச் சீனாவுக்குப் போகத் தொடங்கியது, பக்டரியைப் பூட்டினார்கள்.

ஒஸ்லோவுக்கு வந்து ரொம்சோஸில் குடியேறினோம். எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை, அவருக்குப் பள்ளிக்கூடம் துப்புரவாக்கும் வேலை. ட்வெய்ட்டாவில் சாமான் வாங்கப் போன இடத்தில் உறைந்த மீன் பெட்டி ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். நோர்வேயில் பிடித்தது, சீனாவில் வெட்டியது என்று எழுதியிருந்தது. போரால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டி, நாங்கள் ஊர்ப் பக்கம் தலை காட்ட முடியாமல் இருந்த காலம் அது. செத்த மீன் விசா இல்லாமல் பாதி உலகம் சுற்றிவிட்டு வந்து சொகுசாகப் படுத்திருந்தது.

"இனி இந்தச் சாமான் என்ர வாசல் மிதிக்கக் கூடாது" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் முழு மீன்தான். சனிக்கிழமைகளில் குசினி முழுக்கச் செதில் பறக்கும். வெட்டுகிற கௌரவம் அவருக்கு, கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு.

எங்கள் ஒரே மகள் வணிகம் படித்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது தகப்பனுக்கு வகுப்பெடுப்பாள்.

"அங்கை கூலி குறைவு, அதாலை இஞ்சை மீன் மலிவு. ரெண்டு நாட்டுக்கும் லாபம் அப்பா. எங்கட நோர்வேயின்ர எண்ணெய்க் காசையும் அங்கை முதலிட்டிருக்கினம். உங்கட பென்ஷன் சீனாவிலைதான் வளருது."

"அப்ப நான் அங்கை போய் வாங்கட்டோ?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

படிப்பு முடிகிற வருடம் அவளுக்குப் பிரக்சிஸ் கிடைத்தது. நோர்வே மீன் கொம்பனி ஒன்று, தனக்கு மீன் வெட்டிக் கொடுக்கும் சீனப் பக்டரிக்கே அவளைப் பயிற்சிக்கு அனுப்புகிறதாம். அவள் துள்ளிக்கொண்டு வந்து சொன்னாள். இவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அதற்குப் பிறகு மகளோடு பேச்சில்லை. பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதையும் என்னிடமே சொன்னார். நான் என்ன தபால்காரியா?

"கட்லட் பொரிச்சுக் குடுத்தது நான். கோவமெண்டா என்னோடை கோவியுங்கோ. பிள்ளையோடை கதையுங்கோ" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

விமான நிலையத்துக்கு அவர்தான் கார் ஓட்டினார், பெட்டியையும் தூக்கினார். "போட்டு வாறன் அப்பா" என்று அவள் சொன்னபோது பெட்டியின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல் இருந்தது.

பக்டரிக்கு முதல் நாள் போய்வந்ததும் எனக்குப் போன் எடுத்தாள். வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டேன். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

"எல்லாம் பொம்பிளையள் அம்மா. வரிசையா நிண்டு, அப்பா மாதிரியே முள்ளு இழுக்கினம்."

டிவி நின்றது. அவர் வந்து என் கையிலிருந்த போனைப் பறித்தார். இனி அந்தப் பிள்ளை வாங்கிக் கட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பிள்ளை, அவையளுக்குக் கை விறைச்சா வைக்கிறதுக்குச் சுடுதண்ணி குடுக்கினமோ?"

"பாக்கேல்லை அப்பா" என்றாள்.

"நாளைக்குப் போனதும் பார். இல்லாட்டி நீ கேட்டு வாங்கிக் குடு."