லைனில் இருக்கிறவர்

நாங்கள் குடியிருப்பது நாமக்கல்லில் ஒரு லைன் வீட்டில். ஒரே கூரை, வரிசையாகக் குடித்தனங்கள். கரண்ட் போனால் லைன் இல்லை என்போம். செல்போனில் பேச்சு அறுந்தால் லைன் கட்டாகிவிட்டது என்போம். ரேஷன் கடையில் நிற்பதும் லைன்தான். ஆனால் லாரி ஓடுகிற ஊரில் இதையெல்லாம்விடப் பெரிய லைன் ஒன்று உண்டு. சரக்கு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவரை லைனுக்குப் போயிருக்கிறார் என்பார்கள். எப்போது வருவார் என்று வீட்டில் கேட்க மாட்டோம். கேட்டால் பயணம் தடைப்படும் என்று ஒரு பயம்.

பக்கத்து வீட்டுப் பாவாயியின் கணவர் மணியன் அப்படித்தான் போனார். ஜவ்வரிசி லோடு. கிளீனர் கிடைக்காமல் ஒற்றை ஆளாகப் போயிருந்தார். நாக்பூருக்கு அப்பால் வண்டி மட்டும் ரோட்டோரம் நின்றது. ஒரு மூட்டை குறையவில்லை. சாவி வண்டியிலேயே தொங்கியது. செருப்பு இரண்டும் ஏறுகிற படிக்குக் கீழே ஒழுங்காகக் கழற்றி விட்டிருந்தது. ஆளைத்தான் காணோம். போலீஸ் தேடியது, நாங்கள் வேண்டாத சாமி இல்லை. கடைசியில் முதலாளி வண்டியைக் கொண்டுவந்து பெயிண்ட் அடித்து வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டார்.

பாவாயி என்னோடு ஒரு கடையில் தார்ப்பாய் தைக்கிறாள். வருடங்கள் போயும், வீட்டுக்காரரைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில், லைனில் இருக்கிறார். நாங்களும் அதற்கு மேல் பேசியதில்லை.

ஒருமுறை ஏதோ சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் போயிருந்தோம். அங்கே மேஜையில் இருந்த கிளார்க் பெண் வெளியூர்க்காரி. கணவர் எங்கே என்றதற்கு இவள் வழக்கம்போல, “லைன்ல இருக்காருங்க” என்றாள். அந்தப் பெண் எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள்.

“அந்தக் காக்கிச் சட்டையா? வரச் சொல்லுங்க.”

திரும்பிப் பார்த்தோம். நாலைந்து பெண்கள் நின்றார்கள். காக்கிச் சட்டை யாருமில்லை. அந்தப் பெண்ணும் மறுபடி பார்த்துவிட்டு, வெளியே போய்விட்டார் போல என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். மணியன் லைனுக்குப் போகும்போது காக்கிச் சட்டைதான் போடுவார். பஸ்ஸில் வரும்போது பாவாயி பின் சீட்டுகளையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இந்தத் தையில் அவள் மகள் தனப்பிரியாவுக்குக் கல்யாணத்துக்கு இடம் அமைந்தது. பத்திரிகை அடிக்க வேண்டும். மணியனின் தம்பி வேலுசாமி வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அண்ணி, அண்ணன் பேருக்கு முன்னால தெய்வத்திரு போடறதா, வேண்டாமா? நீங்களே சொல்லிப்போடுங்க.”

போடுவதென்றால் அதற்கு முன் தர்ப்பையில் உருவம் செய்து கருமாதி முடிக்க வேண்டும், இவள் தாலியையும் கழற்ற வேண்டும். உயிரோடிருப்பவருக்குக் கருமாதி செய்வது பெரும்பாவம். இறந்தவருக்குச் செய்யாமல் விட்டால் ஆத்மா அலையும். எந்தப் பாவத்தை ஏற்பது என்று தெரியாமல் நாலு நாள் சோறு இறங்காமல் இருந்தாள்.

அப்போதுதான் பூபதி என்ற டிரைவர் கிழிந்த தார்ப்பாயை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. ராசியான வண்டி, ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது என்றான். கண் அசந்தால் தோளில் ஒரு கை விழும், “ஓரங்கட்டுங்க சாமி” என்று காதோரம் குரல் கேட்கும். தனக்கு முன் ஓட்டியவனுக்கும் அப்படித்தானாம். வண்டி நம்பரைச் சொன்னான். பாவாயி ஊசியைக் கீழே வைத்தாள். அது மணியன் ஓட்டிய வண்டி.

இங்கே எல்லாரும் எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. தானே போய் அந்தக் குரலைக் கேட்டுவிடுகிறேன் என்று பாவாயி, மோகனூருக்குச் சரக்கு இறக்கப் போன அதே வண்டியில் ஏறிவிட்டாள். நல்ல வெயில் நேரம்.

போகும் வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாளாம். இஞ்சின் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. மனசுக்குள் மெல்ல ஒரு சந்தோஷம் வந்ததாம், அவர் எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்று. காவிரி கண்ணுக்குத் தெரிந்தபோது பூபதி ஒரு மாதிரியான குரலில் கேட்டான்.

“ஏனுங்க அக்கா, இத்தன எடம் கெடக்குது. ஏன் கதவோட ஒட்டிக்கிட்டு வாரீங்க?”

அப்போதுதான் பாவாயி தன்னைப் பார்த்தாள். நீளமான பழைய சீட்டு. ஏறும்போது நடுவில்தான் உட்கார்ந்தாள். இப்போது தோள் கதவில் அழுந்திக் கிடந்தது. மடியில் சேலையை ஒதுக்கிப் பிடித்திருந்தாள், பக்கத்தில் இருப்பவர்மேல் படாமல் பிடிப்பதுபோல. வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இடம் விட்டுக்கொண்டே வந்திருக்கிறாள், தனக்கே தெரியாமல். காலியாக இருந்த இடத்தில் கையை வைத்தாள். வெயிலுக்கும் இஞ்சின் சூட்டுக்கும் சுட்டிருக்க வேண்டிய சீட்டு, ஈரத்துணிபோல் குளிர்ந்திருந்தது.

திரும்பி வரும்போதும் நடுவுக்கு நகராமல் கதவை ஒட்டியே உட்கார்ந்து வந்தாள் என்று பூபதி என்னிடம் சொன்னான். வீட்டு வாசலில் இறங்கியதும் வேலுசாமிக்குப் போன் போட்டாள்.

“போட்டுருங்க” என்றாள்.

மோகனூர்க் கரையில் கருமாதி நடந்தது. தர்ப்பை உருவம் எரியும்போது நாங்கள்தான் அழுதோம். தாலியைக் கழற்றிய பெண்களுக்கு வாகாகக் குனிந்து கொடுத்தாள். எல்லாம் முடிந்து தலை முழுகிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“பொண்ணு கண்ணாலம் வருதுன்னுதான் காத்துக்கிட்டு இருந்திருப்பாருங்கக்கா” என்றாள். “நான் முன்னமே அந்த வண்டியில ஏறிக் கேட்டிருக்கலாம்.”