ப்ளேன் ஓடலன்னு ஒரு கடிதம்

தாராவி டீக்கடையில் பழக்கமானவர் அவர். புது மொட்டை, அதை உள்ளங்கையால் தடவிக்கொண்டேதான் பேசுவார்.

தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது அவர்கள் வழக்கம். ஆனால் அம்மா இறந்த அன்று, கடைசி மகனான இவர் சென்னையில் மாற வேண்டிய தூத்துக்குடி விமானம் ரத்தாகிவிட்டது. பொழுது சாயும்வரை காத்திருந்துவிட்டு அண்ணனே வைத்துவிட்டார்.

விமான நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டு அவர் போனில் நான்தான் மெயில் தட்டினேன்.

“துட்டு கெடக்கட்டும் அண்ணாச்சி. ப்ளேன் ஓடலன்னு எழுதித் தரச் சொல்லுங்க. நான் வேணும்னே வரலன்னு அண்ணன் பேசமாட்டேங்கான்.”

பணம் வந்தது. விமானம் ரத்தானதைச் சொல்லும் கடிதமும் வந்தது. அதை உடனே அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

அடுத்த முறை பார்த்தபோது முடி வளர்ந்திருந்தது. கை மட்டும் பழையபடி தலையில்தான்.

“அண்ணன் என்ன சொன்னாரு?”

“ப்ளூ டிக் விழுந்துட்டு அண்ணாச்சி. அவ்வளவுதான்” என்று சிரித்தார்.